தலைப்பில் தொலைந்த பெயர்

கதைகளுக்கும் கவிதைத் தொகுதிகளுக்கும் அமைந்த தலைப்புகளைப் பற்றி நாம் ஓயாமல் பேசியிருக்கிறோம். கணிப்பொறியாளர்கள் அன்றாடம் புரட்டும் ஒரு நூலின் தலைப்புகள் மட்டும் நம் கண்ணில் பட்டதே இல்லை. யூனிக்ஸ் இயங்குதளத்தின் கையேடு அது. அதன் தலைப்புகளுக்கும் ஒரு வரலாறு உண்டு.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய அதன் முதற்பதிப்பு 1971 நவம்பர் 3 என்று தேதியிடப்பட்டது. கட்டளை ஒவ்வொன்றுக்கும் தனிப்பதிவு, பகுதிதோறும் அகரவரிசை. நூல் முழுமைக்குமான தொடர் பக்க எண் கிடையாது. ஆகவே புதிய கட்டளை பிறந்தால் அதற்குரிய தாளை இடையில் செருகிவிடலாம். பக்க எண் துணைவராத நூலில், வழிகாட்டும் பொறுப்பு முழுவதும் தலைப்பின் தோளில் விழுந்தது.

அத்தலைப்பு வெறும் பெயரன்று, முகவரியும் ஆகும். பெயரையடுத்து, அடைப்புக்குறிக்குள் பகுதியின் எண் நிற்கும். தொடக்கப் பதிப்புகளில் அது ரோமன் எண். 'பிரிண்ட்எஃப்' என்ற பெயருக்குப் பின் 1 வந்தால் இன்று அது பயனர் தட்டும் கட்டளை. 3 வந்தால் சி மொழியின் நூலகச் செயல்கூறு.

1979இல் வெளியான ஏழாம் பதிப்புக்காக டக் மெக்கில்ராய் பக்க வடிவமைப்புக்கென ஒரு குறிமுறைத் தொகுதியை வகுத்தார். பெயரையும் எண்ணையும் ஒருமுறை எழுதினால் போதும். பக்கத்தின் மேல் இரு மூலைகளிலும் அவை அச்சாகும். எந்தப் பக்கமாகப் புரட்டினாலும் கண்ணுக்குத் தப்பாது. தாளை அறிந்தவரின் ஏற்பாடு இது.

ஆனால் தலைப்புகள் ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலேயே அச்சாயின. எழுத்தில் பெரிது சிறிது என்ற பேதமறியாத தமிழர்களாகிய நமக்கு இது அற்பமாகத் தோன்றலாம். யூனிக்ஸுக்கோ அந்தப் பேதம் உயிர்நிலை. பழைய 'மெயில்' நிரல் சிறிய எழுத்தில் தொடங்குவது. 1978இல் பெர்க்லியில் கர்ட் ஷோன்ஸ் எழுதிய 'மெயில்' பெரிய எழுத்தில் தொடங்குவது. இரண்டும் வெவ்வேறு நிரல்கள். தலைப்பின் வழக்கப்படி எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். எதைத் தட்ட வேண்டும் என்று தலைப்பை மட்டும் பார்த்தவருக்கு விளங்காது. உண்மைப் பெயரை அறிய அவர் அடுத்த வரிக்கு இறங்கியாக வேண்டும்.

தாள் போய்த் திரை வந்தது. வழக்கம் போகவில்லை. 2022இல்தான் லினக்ஸ் கையேட்டுப் பக்கங்களைப் பேணும் திட்டத்தினர், பெயர் எப்படி வழங்குகிறதோ அப்படியே தலைப்பிலும் எழுதுவது என்று தம் பக்கங்களைத் திருத்தினர். ஏழாம் பதிப்பிலிருந்து எண்ணினால் நாற்பத்து மூன்று ஆண்டுகள்.

அழகுக்காக இட்ட தலைப்பு பெயரை மறைக்குமானால், அடங்க வேண்டியது அழகுதான். நூல்களைப் பதிப்பிக்கும் நம் நண்பர்களும் இதை எண்ணிப் பார்க்கலாம்.