கதிரையும் கந்தோரும்

புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டோரத்து எலுவன்குளம் முதலாகக் கற்பிட்டி ஈறாக, தமிழ் பேசுவோரின் வீட்டுச் சொற்களில் ஒரு பகுதி போர்த்துக்கேயருடையது: கதிரை, மேசை, அலமாரி, பாண். இவை பொருள்களோடு வந்தவை. 1658இல் போர்த்துக்கேயரை இலங்கையினின்று அகற்றிப் பின்னர்க் கற்பிட்டியிற் கோட்டை எழுப்பிய ஒல்லாந்தர் தந்த ‘கந்தோர்’ வேறு வகையினது, அதிகாரத்தோடு வந்தது. இதன் மூலமோ பிரெஞ்சுச் சொல்லொன்று; பணம் எண்ணும் மேசையைக் குறித்தது. ஜெர்மானியரின் ‘கொந்தோர்’ இதன் உடன்பிறப்பே. வணிகனின் பலகை அரச அலுவலகமாக வளர்ந்த கதை இச்சொல்லில் உறைந்துள்ளது. இத்தகையவற்றைக் களையெனப் பிடுங்கும் தூய்மைவாதத்தோடு நாம் உடன்படோம். எழுத்தறியா மக்கள் விட்டுச்சென்ற ஆவணங்கள் வேறெவை? 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தது. ஆங்கிலேயர் காலத்திலும் கந்தோர் கந்தோராகவே நின்றது.