யானை ஏறியவனும் வடம் பிடித்தவர்களும்

திருவாரூர் தியாகராசர் கோயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகக் 'கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி' என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்பர் பாடிய ஆதிரைத் திருவிழா, ராஜேந்திர சோழன் காலத்துப் பரவை நங்கை கொடுத்த பொன், பங்குனி உத்திரத்தில் கிடைக்கும் பாத தரிசனம், ஆழித்தேர் என்று வரிசை போகும். இதிலெல்லாம் எனக்குச் சண்டையில்லை. ஆனால் இந்த வரிசையில் ஒருத்தன் விட்டுப் போகிறான்: யானையேறும் பெரும்பறையன்.

1909இல் தர்ஸ்டன் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் பறையரைப் பற்றிய பகுதியில் இது இருக்கிறது. திருவாரூர்ப் பெரிய திருவிழாவில் பறையர் தலைவன் சாமியோடு யானை மேல் ஏறி வெண்சாமரம் பிடித்து வருவான். வெள்ளைக்காரர்கள் இதைப் பார்த்து, இந்த ஜனங்கள் ஒரு காலத்தில் மண்ணுக்கு உடையவர்களாக இருந்திருக்க வேண்டும், அதன் மிச்சம்தான் இது என்றார்கள். கோயிலைக் கேட்டால் வேறு கதை. அம்பர் மாகாளத்தில் சோமாசிமாறர் யாகம் செய்கிறார். தியாகராசர் செத்த கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, நாலு வேதத்தையும் நாயாகப் பிடித்துக்கொண்டு, புலையன் வேஷத்தில் வருகிறார். கூட வரும் அம்மன் தலையில் கள்ளுக்குடம். அந்தணர்கள் தீட்டு என்று ஓடிப் போகிறார்கள். வைகாசி ஆயில்யத்தில் இன்றைக்கும் அங்கே அது திருவிழா. ஓடிய பார்ப்பனர்கள் தினமும் மத்தியானம் கொஞ்ச நேரம் பறையராவார்கள் என்று சாபம் விழுந்ததாகவும், 'மத்தியானப் பறையர்' என்ற பேர் அப்படி வந்ததாகவும் ஒரு வழக்கு உண்டு.

கதை ரொம்ப அழகுதான். சாமி புலையனாக வரலாம். புலையன் புலையனாகவே வந்தால்? சட்டம் வந்து கதவைத் திறக்க 1947 ஆக வேண்டியிருந்தது. அதுவரைக்கும் யானை மேல் இருந்தவனின் சொந்தக்காரன் மதிலுக்கு வெளியேதான் நின்றான். இந்த மரியாதையைப் பழைய உரிமையின் மிச்சம் என்று நம் தோழர்கள் சிலர் பெருமையாகப் பேசுகிறார்கள். மிச்சமாகவே இருக்கட்டும். முழுசு யாரிடம் போனது என்பதையும் சேர்த்துப் பேசணும் இல்லையா? ஒரு வம்சத்துக்கு வருஷத்தில் ஒரு நாள் சாமரம், மிச்சப் பேருக்கு வருஷம் பூரா ஏர்க்கால்.

எங்க அப்பாயி இதை ஒரே பேச்சில் முடிச்சிடும்: "ஏறுனதத்தான் எல்லாரும் சொல்றாங்க. எறங்கி எந்தத் தெரு வழியா வூட்டுக்குப் போனான்னு எவனாவது சொல்றானா?"

இன்னொரு வரலாறு வடத்தில் இருக்கிறது. தஞ்சாவூர்ச் சீமையில் தேர் இழுப்பது எல்லாருக்கும் பக்தியாக இருக்கவில்லை. கும்பினி ஆட்சியில் அதிகாரிகளே ஆட்களைக் கட்டாயப்படுத்தித் தேர் இழுக்க அனுப்பினார்கள். மிஷனரிகள் 1830களில் இதை எதிர்த்து மனுப் போட்டார்கள். அவர்களுக்குக் கிறிஸ்துவனின் கை விக்கிரகத் தேரில் படக்கூடாது என்பதுதான் கவலை. ஆனாலும் கட்டாயம் இருந்ததற்கு அந்த மனுக்கள் சாட்சி. கட்டாயம் சர்க்காரை விட்டுப் போன பிறகும் பண்ணையை விட்டுப் போகவில்லை. ஆண்டை ஆள் அனுப்பச் சொன்னால் அனுப்பணும். தாத்தா போயிருக்கிறார். அவர் உள்ளங்கை வடத்தில் தோலுரிந்து வந்த கதையை அப்பாயி சொல்லும்போது அதில் சாமி பேரே வராது.

ஆழித்தேர் 1948க்குப் பிறகு ஓடவில்லை. 1970இல் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது மறுபடி ஓட்டினார்கள். அதற்கு ஒண்ணேகால் வருஷம் முன்னால், 1968 டிசம்பர் 25 ராத்திரி, அதே தஞ்சாவூர் ஜில்லாவில், கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட ஜனங்கள். தேர் ஓடிய கதையை எழுதுகிறவர்கள் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி நான் பார்த்ததில்லை.

இப்போது சக்கரம் இரும்பு, திருச்சி பெல் கம்பெனி செய்த பிரேக், பின்னாலிருந்து தள்ள புல்டோசர். வடம் அப்படியே இருக்கிறது.