முதல் அழியா அறம்

சமயம் உயிர்க்கு வீடுபேறு காட்டும் நெறி மாத்திரமே என்று கருதுவாருளர். பண்டைப் பரத கண்டத்தில் அஃது ஊரையும் தொழிலையும் பொருளையும் எங்ஙனம் ஒழுங்குபடுத்தியது என்பதனை நூல்களினும் கல்வெட்டுக்களே தெளிவாகக் காட்டுகின்றன. அவற்றுள்ளும் அறக்கட்டளை பற்றியன பெரிதும் நோக்கற்பாலன.

நாசிக்கு நகரை அடுத்த மலைக்குகை ஒன்றில் உஷவதாதன் என்பானது சாசனம் உள்ளது. இவன் சகர் மரபினன்; கி. பி. முதலிரு நூற்றாண்டுகளுள் மேலைக்கரை நாட்டை ஆண்ட நகபானனுக்கு மருகன். அக்குகையைப் பௌத்தத் துறவிகட்கு ஈந்த இவன், அவர்தம் ஆடை முதலிய செலவிற்காக 3000 கார்ஷாபணங்களைக் கோவர்த்தனம் என்னும் ஊரிலிருந்த நெசவாளர் குழுக்கள் இரண்டனிடம் வைத்தான். ஒன்றனிடம் 2000, மாதம் நூற்றுக்கு 1 வட்டியாக. மற்றொன்றனிடம் 1000, நூற்றுக்கு முக்கால் வட்டியாக. முதலைத் திருப்பித் தருதல் இல்லை, வட்டியே துய்க்கத்தக்கது என்பது ஏற்பாடு. இது நகர அவையில் அறிவிக்கப்பட்டுப் பலகையிலும் எழுதப்பெற்றது. இங்ஙனம் முதல் அழியாது நிற்கும் பொருளை வடநூலார் அட்சயநீவி என்பர். இவனே தேவர்க்கும் அந்தணர்க்கும் 16 ஊர்களை வழங்கினான். தபதி முதலிய ஆறுகளில் கூலியின்றி ஓடம் விடுவித்தான். கொடையாளன் ஒரு சமயத்திற்கே கட்டுண்டிலன் என்பது இதனாற் பெறப்படும்.

வடமதுரையில் ஹுவிஷ்கன் காலத்துச் சாசனம் ஒன்று, மாவு இடிப்போர் குழுவினிடம் 550 புராணம் என்னும் காசுகளை வைத்து, அதன் வட்டியால் மாதந்தோறும் அந்தணர் நூற்றுவர்க்கு உணவிடவும், வாயிலில் நாடோறும் பசித்து வரும் ஏழைகட்கு மாவும் உப்பும் கீரையும் வைக்கவும் விதிக்கின்றது.

இவற்றினும் வியப்புடையது கி. பி. 465-ஆம் ஆண்டை ஒட்டிய ஸ்கந்தகுப்தன் காலத்துச் செப்பேடு. தேவவிஷ்ணு என்னும் அந்தணர் இந்திரபுரத்துச் சூரியன் கோயில் விளக்கிற்குரிய பொருளை ஆங்கிருந்த எண்ணெய் வாணியர் குழுவினிடம் ஒப்புவித்தார். அக்குழு ஊரை விட்டு நீங்கினும் எண்ணெய் அளத்தல் தவறலாகாது. செக்கு ஒன்று கொலைக்களம் பத்திற்கு ஒப்பு என்று கூறி, அதனை உடையாரிடம் தானம் ஏற்றலாகாதென விலக்குவது மனுநூல். நூல் தாழ்த்திய கையிலேயே அந்தணர் தம் அறத்தின் முதலை வைத்தார். ஏட்டின் விதி வேறு, ஊரின் நம்பிக்கை வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எனினும், இவ்வறங்கட்கு மறுபுறமும் உண்டு. ஊர்களைக் கொடையாக வழங்கியபோது, அவற்றை உழுத குடிகளை யாரும் வினவிற்றிலர். அவர்தம் பெயரும் கல்லில் இல்லை.

நந்தா விளக்குக் கட்டளை சிவாலயங்கட்கே சிறப்பாக உரியது என எண்ணுவோர் இவற்றை ஒப்பிட்டுக் காண்டல் நன்று. ஒன்றிலிருந்தே மற்றொன்று பிறந்தது என்று துணிதல் பொருந்தாது. ஆயின் நெறி ஒன்றே. கி. பி. 1010-இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சை இராசராசேச்சரத்தில் விளக்கு ஒன்றிற்கு 96 ஆடுகள். நாடோறும் உழக்கு நெய். ஆடு இறப்பினும் மூப்பினும் தொகை குன்றலாகாமையின் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். ஊர்ச்சபையார் பெற்ற காசிற்கு ஆண்டுதோறும் காசொன்றுக்கு அரைக்கால் வட்டி. ஆடுகளை ஏற்ற இடையர் பெயரோடு அவர்தம் உறவினர் பெயர்களும் அக்கோயிற் கல்லிலேயே பொறிக்கப்பெற்றுள்ளன.