முதல் சுற்றின் வேகமும் இளம் ஓட்டக்காரரின் நேரமும்: 800 மீட்டரை முன்வைத்து

பள்ளி, கல்லூரித் தடகளப் போட்டிகளில் 800 மீட்டர் ஓட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரி நடந்து முடிகிறது. முதல் 300 மீட்டர் கூட்டமாகப் பாயும் பிள்ளைகள், இரண்டாம் சுற்றின் எதிர்ப்பக்க நேர்கோட்டில் தோள் இறுகி, காலடி குறுகித் தளர்ந்துபோகிறார்கள். ‘ஸ்டாமினா போதவில்லை’ என்று சொல்லி, மறுவாரம் 400 மீட்டரை முழு வேகத்தில் திரும்பத் திரும்ப ஓடவிடுவது பயிற்சியாளர் பலரின் வழக்கம். கண்ட குறை பாதி சரி; கொடுத்த தீர்வு தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். ஆக்சிஜன் சார்ந்த ஆற்றலை ஆண்டுக்கணக்கில் வளர்ப்பதும், அது தாங்கும் அளவுக்கு முதல் சுற்றை அடக்கி ஓடுவதுமே இளையோரின் நேரத்தைக் குறைக்கும்.

வேகமான முதல் சுற்றுக்கு ஆதரவாகக் காட்டப்படுவது உலக சாதனை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் டேவிட் ருடிஷா 1:40.91இல் ஓடியபோது முதல் சுற்றை 49.28 விநாடியிலும் இரண்டாவதை 51.63 விநாடியிலும் கடந்தார். ஆனால் இரண்டு சுற்றுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 2.35 விநாடிதான். 2:10இல் ஓடும் ஒரு மாணவர் 60, 70 என்று சுற்றுகளைப் பிரிக்கும்போது அது பத்து விநாடியாகிவிடுகிறது. ருடிஷாவைப் பின்பற்றுவதாக நினைத்து அவர் செய்வது வேறொன்று.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் டேவ் வாட்டில் தங்கம் வென்ற ஓட்டம் இதற்கு எதிர்ச்சான்று. ஒவ்வொரு 200 மீட்டருக்கும் அவர் எடுத்துக்கொண்டது முறையே 26.4, 26.9, 26.4, 26.2 விநாடி, மொத்தம் 1:45.9. தொடக்கத்தில் கடைசியாக ஓடியவர் இறுதியில் சீறிப் பாய்ந்ததாகத் தோன்றியது. உண்மையில் அவர் வேகம் ஏறக்குறைய மாறவே இல்லை. முன்னால் ஓடியவர்கள்தான் தளர்ந்தார்கள்.

இதன் உடலியல் காரணம் தெளிவானது. நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை ஆராய்ந்து ஸ்பென்சரும் காஸ்டினும் 2001இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆக்சிஜன் சார்ந்த ஆற்றலின் பங்கு 400 மீட்டரில் 43 விழுக்காடு, 800 மீட்டரில் 66, 1500 மீட்டரில் 84. ஆக, 800 மீட்டரை நீட்டிய 400 மீட்டராகக் கருதுவதற்கு இடமில்லை. பருவம் முதிராத சிறுவர்களிடம் ஆக்சிஜன் இன்றி ஆற்றல் தரும் திறன் பெரியவர்களின் அளவுக்கு வளர்ந்திருப்பதுமில்லை. கடும் உழைப்பில் தசையில் உருவாகும் லாக்டேட்டைக் குவிக்கும் பயிற்சி அவர்களுக்குத் தரும் பலன் குறைவு, களைப்போ அதிகம்.

ஆக்சிஜன் சார்ந்த அடித்தளம் எவ்வளவு உதவும் என்பதற்குப் பீட்டர் ஸ்னெல் சான்று: பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டிடம் வாரத்துக்கு நூறு மைல் வரை ஓடிய அவர், 1960 ரோமிலும் 1964 டோக்கியோவிலும் 800 மீட்டர் தங்கம் வென்றார். ஆனால் அந்த அளவைப் பதினைந்து வயதுக்காரர் மீது சுமத்துவது அறிவுடைமை ஆகாது. மூச்சு முட்டாமல் பேசக்கூடிய வேகத்தில் நெடிய ஓட்டம், வாரம் ஒரு டெம்போ ஓட்டம் (சற்றுக் கடினமான, சீரான வேகத்தில் ஓடுவது), முழு ஓய்வு இடைவிட்டு ஓடும் குறுகிய வேக ஓட்டங்கள் ஆகியவற்றைப் படிப்படியாகக் கூட்டினாலே போதும்.

மறுப்பு ஒன்று எழலாம். 1976 மான்ட்ரியல் இறுதிப் போட்டியில் முதல் சுற்றை முன்னின்று நடத்திய ஸ்ரீராம் சிங், ஏழாவதாக வந்தும் 1:45.77 என்ற நேரத்தைப் பதித்தார். 2018இல் ஜின்சன் ஜான்சன் 1:45.65இல் ஓடும் வரை, 42 ஆண்டுகள் அதுவே இந்திய சாதனை. துணிந்த தொடக்கம் அவருக்குப் பலன் தந்தது உண்மை. ஆனால் அத்துணிவைத் தாங்கும் உடல், இலியாஸ் பாபரின் பயிற்சியில் பல ஆண்டுகளில் உருவானது.

தடத்தில் இடம் பிடிப்பதும் கணக்கில் வர வேண்டும். ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். முதல் வளைவுக்குப் பின் எல்லாரும் உள்தடத்துக்கு வந்த பிறகு, ஒரு வளைவு முழுவதையும் இரண்டாம் தடத்தில் ஓடினால் ஏறத்தாழ 3.8 மீட்டர் கூடுதல். 2:08 வேகத்தில் அது 0.6 விநாடி. வளைவில் முந்தாமல் நேர்கோட்டுக்குக் காத்திருப்பவர், கூடுதல் பயிற்சி ஏதுமின்றி அதை மிச்சப்படுத்துகிறார்.

நேரம் குறைவதையே பயிற்சியின் வெற்றியாகக் கொள்வதிலும் எச்சரிக்கை தேவை. பெண்பிள்ளைகள் ஏறத்தாழ 12 வயதிலும் ஆண்பிள்ளைகள் 14 வயதிலும் மிக விரைவாக உயரம் கூடுகிறார்கள். அப்போது கிடைக்கும் முன்னேற்றத்தில் வளர்ச்சியின் பங்கு பெரிது. முழங்கால், குதிகால் வலி வருவதும் அப்போதுதான். மாதவிடாய் தொடங்கிய பெண்பிள்ளைகளின் நேரம் காரணமின்றி மோசமானால், பயிற்சியைக் கூட்டும் முன் ரத்தத்தில் இரும்புச்சத்தைச் சோதிக்க வேண்டும்.

முதல் சுற்றின் வேகம் அளவு மீறுகிறதா என்பதைக் கண்டறியப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். பள்ளிப் போட்டிகளின் முடிவுப் பட்டியலில் இன்று இறுதி நேரம் மட்டுமே எழுதப்படுகிறது. அதன் அருகில் முதல் சுற்றின் நேரத்தையும் பதிவுசெய்ய உடற்கல்வி ஆசிரியர்கள் முன்வர வேண்டும். எந்தப் பிள்ளைக்கு அடித்தளம் குறைவு, எந்தப் பிள்ளைக்கு நிதானம் குறைவு என்பதை அந்த ஓர் எண்ணே பிரித்துக் காட்டத் தொடங்கும்.