கேளாத ஒலியும் கேட்கும் செவியும்: ஒலிச்சுருக்கச் சோதனைகளின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

ஒலிப்பதிவின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அக்கருவிகள் நன்கு ஒலிக்கின்றன எனத் தீர்ப்பளித்த செவிகள் யாருடையவை, எத்தேவையின் பொருட்டு அத்தீர்ப்புப் பெறப்பட்டது என்னும் வினாக்கள் போதிய கவனத்தைப் பெறவில்லை எனலாம். எம்.பி.3 எனப் பரவலாக அறியப்படும் சுருக்கமுறை உருவாவதற்குக் காரணமாயிருந்த கேட்டற் சோதனைகளை இவ்வினாக்களின் அடிப்படையில் நோக்குவதே எமது நோக்கமாகும்.

செவியைச் சாட்சியாக்கும் வழக்கம் பழையது. 1915 தொடக்கம் எடிசன் நிறுவனம் பாடகரையும் இசைத்தட்டையும் மாறிமாறி ஒலிக்கச் செய்து, வேறுபாடு தெரிகிறதா எனச் சபையோரைக் கேட்டது. சோதனை என்ற பெயரில் நிகழ்ந்த விற்பனை அது. அதிற் பங்குகொண்ட அன்னா கேஸ் என்னும் பாடகி, இயந்திரத்தின் ஒலிக்கு இசையத் தம் குரலை அமைத்துப் பாடியதாகப் பிற்காலத்திற் கூறினார். மறுபுறத்தில், தொலைபேசி மூலதனத்தின் ஆதரவில் அமெரிக்காவில் வளர்ந்த செவிப்புல ஆய்வின் ஒரு பேறாக, 1924இல் வேகலும் லேனும் ஒலிமறைப்புப் பற்றிய ஆய்வினை வெளியிட்டனர். வலிய ஒலியொன்று தனக்கு அண்மித்த அதிர்வெண்ணுடைய மெல்லொலியைச் செவிக்கு எட்டாது மறைத்துவிடும் என்பதே அதன் சாரம். செவி கேளாததைக் கம்பிவழி அனுப்புவது வீண்செலவு என்ற கணக்கு இவ்வாய்வுத் துறைக்குப் பின்னணியாயிருந்தது.

இக்கணக்கே எம்.பி.3இன் அடித்தளமாகும். இறுவட்டில் ஒரு செக்கனுக்கு 44,100 மாதிரிகள், மாதிரியொன்றுக்கு 16 பிற்றுகள், இரு தடங்கள் என 1411.2 கிலோபிற்றுகள் தேவைப்படுகின்றன. இதனை 128 கிலோபிற்றாகக் குறைத்தால் எஞ்சுவது ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்கே. மறைக்கப்படும் எனக் கணிக்கப்பட்ட பகுதிகள் பருமட்டாகப் பதியப்படுகின்றன. அதனால் எழும் இரைச்சலை ஏனைய ஒலி மூடிவிடும் என எதிர்பார்க்கப்படுகிறது. இவ்வெதிர்பார்ப்பு சரியானதா என்பதைக் கருவியால் மட்டும் அளந்தறிய முடியவில்லை. கஸ்டனெற் என்னும் கைத்தட்டுக் கருவியின் கூரிய ஒலிக்கு முன்னரே அதன் இரைச்சல் சிந்திவிடும் குறையினையும், சுசான் வேகா துணையிசையின்றிப் பாடிய 'டொம்ஸ் டைனர்' பாடலில் அவர் குரல் சிதைந்தமையினையும் செவியே காட்டிக்கொடுத்தது. ஜேர்மனிய ஆய்வாளர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க் அப்பாடலைத் திரும்பத்திரும்பக் கேட்டே தமது முறையினைத் திருத்தினார்.

1988இல் அமைக்கப்பட்ட எம்பெக் குழுவின் முன் வந்த 14 முன்மொழிவுகள் நான்கு தொகுதிகளாக்கப்பட்டு, 1990இல் ஸ்டொக்ஹோமில் சுவீடிஷ் வானொலியினாற் சோதிக்கப்பட்டன. பிலிப்ஸ் முதலியோர் ஆதரித்த மியூசிக்காம் ஒருபுறமும், பிரவுன்ஹோபர், ஏ.ரி.அன்ட்.ரி., தொம்சன் ஆகியோரின் அஸ்பெக் மறுபுறமும் முதன்மை பெற்றன. 1993இல் வெளியான நியமம் ஒன்றைத் தேர்ந்து மற்றதை விலக்கவில்லை. மூன்று படைகளாக இரண்டுக்கும் இடமளித்தது. மூன்றாம் படையே எம்.பி.3. செவிகளின் தீர்ப்போடு நிறுவனங்களின் சமரசமும் இங்குச் செயற்பட்டமை தெளிவு.

சோதனை முறையின் நேர்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கேட்போருக்கு முதலில் மூலவொலி தரப்படும். பின்னர் வரும் இரண்டனுள் ஒன்று மூலம், மற்றது சுருக்கப்பட்டது. எது எதுவென அறியாமலே ஐந்து புள்ளி அளவையில் இரண்டையும் மதிப்பிடல் வேண்டும். மூலத்துக்கே குறைந்த புள்ளி இட்டவரின் ஊகம் இதனால் வெளிப்பட்டுவிடும். ஆயினும், இம்முறையில் ஏறத்தாழ 60 பேர் 20,000க்கும் மேற்பட்ட மதிப்பீடுகளைச் செய்து முடித்த பின்னர், பார்ட் லொகாந்தி என்ற பொறியியலாளர் ஒலிநாடாவொன்றிலிருந்து 1.5 கிலோஹேர்ட்ஸ் அளவிலான வேண்டா ஒலியினைக் கண்டறிந்ததாக இராபர்ட் ஹார்லி 1991இல் எழுதினார். இதனைத் தனிமனித மேதைமையின் வெற்றியாகக் கொள்வது கருத்துமுதல்வாதமாகும். எதனைக் கேட்பது என்பதும் பயிற்சியினாற் பெறப்படுவதே; எண்ணிக்கை மட்டும் அப்பயிற்சிக்கு ஈடாகாது.

சோதனைப் பொருளின் தெரிவும் கவனத்துக்குரியது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1988இல் வெளியிட்ட 70 தடங்கள் கொண்ட சோதனைத் தட்டில் இடம்பெற்ற பேச்சு ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன் என்னும் மும்மொழிகளுக்கே உரியது. ஆசிய, ஆபிரிக்க மொழி எதுவும் அதிற் பேசவில்லை. ஒலிமறைப்பு மனித உடலுக்குப் பொதுவானது. எனவே பிற மொழிகள் இதனாற் சிதைந்தன என முடிவுசெய்தல் பிழை. ஆனால் எவ்வொலியிற் குறை தேடப்படுகிறதோ அவ்வொலியின் குறையே முதலில் திருத்தப்படும் என்பது மறுக்கவியலாதது.

அளவு மாற்றம் ஒரு கட்டத்திற் பண்பு மாற்றமாகும் என்பது இயங்கியல் விதி. பிற்றுகளைக் குறைத்துக்கொண்டே செல்கையில் ஒருகட்டத்தில் கைத்தட்டல் மழையொலியாகிவிடுகிறது. அக்கட்டம் பௌதிக உண்மை. ஆனால் அதற்கு எவ்வளவு அண்மையில் நிற்கலாம் என்பதைத் தீர்மானித்தவை கம்பியின் விலையும் களஞ்சியத்தின் விலையும் உரிமக் கட்டணமுமே. அக்கட்டண ஏற்பாடு 2017இல் முடிவுற்றது. அதன்கீழ் விலக்கப்பட்ட ஒலிகளோ மீளா. மூலப்பதிவு அழிந்து சுருக்கப்பிரதி மட்டும் எஞ்சும் ஆவணங்களில் அன்றைய 'போதும்' என்ற தீர்ப்பே இன்றைய வரலாறாகிவிடுகிறது. ஆதலால் மூலங்களைப் பேணுதல் ஆய்வாளர்தம் முதற்கடன் என வலியுறுத்துகின்றோம்.