சாவி யாருடையது? – கார் சாவியின் கதை

திருப்பூர் ராயபுரத்தில் ஷிப்மென்ட் நாளன்று தொலையவே கூடாத பொருள் ஒன்று உண்டென்றால், அது வண்டிச் சாவிதான். பவர்டேபிளில் இருந்து பீஸ் வந்தாயிற்று, செக்கிங் முடிந்தது, அயர்னிங் முடிந்தது, அட்டைப்பெட்டிகள் ஒட்டி அடுக்கியாயிற்று. தூத்துக்குடிக்குப் போகிற கன்டெய்னர் ராத்திரி கிளம்புகிறது. அந்த நேரத்தில் டிரைவர் இரண்டு பாக்கெட்டையும் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்?

வண்டி பழைய குட்டி யானையாக இருந்தால் (டாடா ஏஸ், 2005-ல் வந்தது) பெரிய கவலை இல்லை. குடை நிழலில் உட்கார்ந்திருக்கும் சாவிக்காரரைக் கூட்டி வந்தால் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். முதலாளியின் புதுக் காராக இருந்தால்தான் சிக்கல். அதே சாவிக்காரர் அதே அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "சாவி வெட்டிரலாங்க... கோடிங்தான் ஏறாது" என்பார். கதவு திறக்கும், ஸ்டீயரிங் பூட்டு விடும், வண்டி மட்டும் கிளம்பாது. ஒரு இரும்புத் துண்டுக்கு இந்த நிலைமை எப்படி வந்தது?

முதலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிடலாம். 'சாவி' தமிழ்ச் சொல்லே அல்ல, போர்ச்சுகீசியரின் 'சாவே' நம் வாயில் 'சாவி' ஆனது. (அலமாரி, ஜன்னல், மேசை எல்லாம் அதே கப்பலில் வந்தவைதான்.) நம்முடைய சொல் திறவுகோல். யாழ்ப்பாணத்தில் இன்றும் 'திறப்பு' என்றுதான் சொல்கிறார்கள், கார் சாவிக்கும் அதே பெயர்தான்.

சொல் கடல் தாண்டி வந்தாலும் தொழில் பக்கத்திலேயே இருந்தது. திருப்பூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் திண்டுக்கல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பூட்டுக்குப் பேர்போன ஊர். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பூட்டின் உள்ளே நெம்புகோல்கள் அடுக்கப்பட்டிருக்கும். கைவேலை என்பதால் அந்தச் சாவி அந்தப் பூட்டுக்கு மட்டும்தான். அலிகாரின் மெஷின் பூட்டுகள் மலிவாக வந்து இறங்கியதில் அந்தத் தொழில் தேய்ந்தது தனிக் கதை. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பூட்டு வாங்கியவனுக்கும் சாவிக்கும் நடுவில் மூன்றாம் ஆள் யாரும் கிடையாது. சாவி தொலைந்தால் ஆசாரியிடம் போகலாம், இல்லையென்றால் பூட்டை உடைத்துப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். பூட்டைச் செய்தவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கார்களும் ரொம்ப காலம் அப்படித்தான் இருந்தன. உண்மையில் ஆரம்பகாலக் கார்களைக் கிளப்பச் சாவியே தேவைப்படவில்லை. முன்னால் நின்று கம்பியைப் போட்டுச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். 1912-ல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்த பிறகு சுற்றுகிற வேலை ஒழிந்தது. அதற்குப் பிறகும் பல கார்களில் சாவி மின்சாரத்தைத் திறந்துவிட மட்டும்தான், என்ஜினைச் சுழற்றத் தனிப் பொத்தான் இருந்தது. ஒரே சாவியைத் திருப்பினால் இரண்டும் நடக்கும் முறையை 1949-ல் கிரைஸ்லர் கொண்டுவந்தது. இன்று நாம் 'சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணுவது' என்று சொல்வது அதைத்தான்.

பாதுகாப்பு? சிரிப்புதான் வரும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் எஃப்.எஸ். வரிசைச் சாவிகள் இருந்தன. அவற்றின் எண்கள் 876-ல் தொடங்கி 955-ல் முடிந்துவிடும். மொத்தமே 80 சாவிகள்! ஒரு வளையத்தில் 80 சாவியைக் கோத்துக்கொண்டு கிளம்புகிறவன் அந்த வரிசையில் எந்தக் காரையும் எடுத்துக்கொண்டு போகலாம்.

இந்தியாவில் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும்தான் சாலை என்று இருந்த காலத்தில் சாவி ஒரு பிரச்சனையாகவே இல்லை. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-ன் சாவியை பிரதமர் இந்திரா காந்தி ஒரு டெல்லி வாடிக்கையாளரிடம் கொடுத்தார். அந்தப் புகைப்படம் இந்திய நடுத்தர வர்க்கத்தின் சரித்திரத்தில் ஒரு பக்கம் என்றே சொல்லலாம். காரைக் கொடுத்தார் என்று யாரும் சொல்வதில்லை, சாவியைக் கொடுத்தார் என்றுதான் சொல்கிறார்கள். சாவி கைமாறினால் சொத்து கைமாறிவிட்டது என்று அர்த்தம். இது அப்போது சரியாகவும் இருந்தது.

நடைபாதைச் சாவிக்காரரின் வித்தையும் அந்தக் காலத்துக்குப் பொருந்தியது. மாதிரி சாவி இருந்தால் மெஷினில் இரண்டையும் பக்கத்தில் மாட்டி, ஒன்றின் பல்லைத் தடவிக்கொண்டே மற்றதை வெட்டிவிடுவார். சாவியே இல்லையென்றால்தான் உண்மையான கலை. வெட்டாத சாவியைப் பூட்டுக்குள் விட்டு அழுத்தித் திருப்புவார். உள்ளே பிடிக்கிற இடங்களில் உலோகத்தின் மேல் மெல்லிய தடம் விழும். அந்த இடத்தை மட்டும் அரத்தால் ராவுவார், மறுபடி விடுவார், மறுபடி ராவுவார். தடம் விழுவது எங்கெல்லாம் நின்றுபோகிறதோ அங்கே ஆழம் சரி. பூட்டே தன் சாவியைச் சொல்லிக்கொடுக்கிறது! எந்த ஐ.டி.ஐ.-யிலும் இதற்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அவர் வந்து உட்காரவில்லை.

இந்தக் கலைக்கு முதல் அடி 1986-ல் அமெரிக்காவில் விழுந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்வெட் காரின் சாவியில் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு சின்ன ரெசிஸ்டரைப் பதித்தது. மொத்தம் 15 மதிப்புகள். பல் சரியாக இருந்து ரெசிஸ்டர் தப்பாக இருந்தால் கார் கிளம்பாது. ஒரு மல்டிமீட்டர் இருந்தால் அளந்துவிடலாம் என்பதால் சாவிக்காரர்கள் சமாளித்தார்கள்.

அடுத்தது அப்படிச் சமாளிக்கிற சமாச்சாரம் இல்லை. பெர்லின் சுவர் விழுந்த பிறகு மேற்கு ஜெர்மனியின் கார்கள் ஏராளமாகத் திருடப்பட்டுக் கிழக்கே போயின. இழப்பீடு கொடுத்துக் களைத்த இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நெருக்கின. 1995 முதல் ஜெர்மனியில் புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் வந்தது, 1998 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் கட்டாயமானது. ஆக, கார் சாவியைக் கம்ப்யூட்டர் ஆக்கியதில் கார் கம்பெனிகளைவிட இன்ஷூரன்ஸ்காரர்களுக்குத்தான் பங்கு அதிகம்.

வேலை செய்யும் விதம் எளிது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி மணி அளவில் ஒரு சிப் இருக்கும், பெயர் டிரான்ஸ்பாண்டர். அதற்கு பேட்டரி கிடையாது. சாவி போடும் துளையைச் சுற்றி ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அது அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே (பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ்) சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். பதில் பொருந்தினால்தான் என்ஜினுக்குப் பெட்ரோல் போகும். இந்தியாவில் 2000களின் பிற்பாதியில் மாருதி இதையே 'ஐ-கேட்ஸ்' என்ற பெயரில் விளம்பரம் செய்தது. அதன் பிறகு சின்னக் கார்களிலும் இது பரவியது.

ரிமோட் இன்னொரு பாதையில் வந்தது. பலரும் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள், இரண்டும் வேறு. ரிமோட் கதவுக்கு, டிரான்ஸ்பாண்டர் என்ஜினுக்கு. 1982-ல் பிரான்சின் ரெனோ ஃபூயேகோ கார்தான் ரிமோட்டில் கதவு திறந்த முன்னோடி. ஒரே சங்கேதத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பினால் யாராவது பதிவு செய்து திருப்பி ஒலிபரப்பிவிடலாம் அல்லவா? அதற்காக ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண் மாறிக்கொண்டே போகும் முறை வந்தது. தென்னாப்பிரிக்காவில் உருவான 'கீலாக்' அதில் பிரபலமானது. 1995-ல் மைக்ரோசிப் கம்பெனி அதை ஒரு கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. வீட்டில் குழந்தை ரிமோட்டை வைத்து விளையாடிய பிறகு காலையில் கதவு திறக்காமல் போவதுண்டு. ரிமோட் எண்ணிக்கையில் ரொம்ப தூரம் முன்னால் போய்விட்டது, கார் பின்தங்கி நிற்கிறது என்று அர்த்தம். பேட்டரி செத்துப் போனதாக நினைத்து ரிமோட்டைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது, பல மாடல்களில் திரும்ப ஒத்திசைத்துக்கொள்ள வழி இருக்கிறது. உண்மையிலேயே பேட்டரி போயிருந்தாலும் அது பெரும்பாலும் சி.ஆர். 2032 என்ற வட்ட பேட்டரிதான், வாட்ச் கடையில் கிடைக்கும். 1990களின் இறுதியில் மெர்சிடிஸ் காட்டிய வழியில் வந்த பொத்தான் ஸ்டார்ட் கார்களிலும் ரிமோட்டுக்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். அது இருப்பதே தெரியாமல் காருக்கு வெளியே நிற்பவர்கள் நிறைய!

இப்போது கணக்குக்கு வருவோம். இரும்புச் சாவி தொலைந்தால் இழப்பு ஒரு சாவியின் விலை. சிப் சாவி தொலைந்தால் மூன்று செலவு: சாவி, அதை வெட்டும் கூலி, அதைக் காரின் கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்துவைக்கும் கூலி. மூன்றாவதுதான் 'கோடிங்'. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் டயக்னாஸ்டிக் துளையில் கருவியை மாட்டி, அந்தக் காருக்கு உரிய ரகசிய எண்ணைக் கொடுத்தால் புதிய சிப்பை ஏற்றுக்கொள்ளும். அந்தக் கருவியும் எண்ணும் யாரிடம் இருக்கின்றன? கம்பெனியிடமும் அதன் அங்கீகாரம் பெற்ற டீலரிடமும். காருக்கு முழுப் பணம் கட்டியவரிடம் இல்லை. 1983-ல் புகைப்படத்தில் கைமாறியது இப்போது முழுதாகக் கைமாறுவதில்லை.

வணிகவியல் பாடத்தில் ஏகபோகம் என்றால் ஒரே கம்பெனி, மாற்றுப் பொருள் இல்லை என்று படிக்கிறோம். கார் சந்தையில் அப்படி இல்லையே, இத்தனை கம்பெனிகள் போட்டி போடுகின்றனவே என்று தோன்றும். இந்தக் கேள்விக்குத்தான் இந்தியப் போட்டி ஆணையம் ஒரு முக்கியமான பதில் சொன்னது. 2011-ல் ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன், ஃபியட் கம்பெனிகள் மீது ஒரு புகார் போனது. உதிரிபாகங்களையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடுவதில்லை என்பது குற்றச்சாட்டு. விசாரணை மற்ற கம்பெனிகளுக்கும் விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது ஆணையம். டாடா மோட்டார்ஸுக்கு மட்டும் 1,346 கோடி, மாருதிக்கு 471 கோடி.

ஆணையத்தின் வாதம் அழகானது. கார் வாங்கும்வரை உனக்குப் பத்துக் கடை. வாங்கிய மறுநாள் உனக்கு ஒரே கடைதான். ஹோண்டா காருக்கு டாடா பாகம் பொருந்தாது. சாவிக்காக யாரும் காரை விற்றுவிட்டு வேறு கார் வாங்கப்போவதும் இல்லை. எனவே ஒவ்வொரு கம்பெனியும் தன் பிராண்டின் உதிரிபாகச் சந்தையில் ஆதிக்கம் உடையதுதான். பாகங்களும் கருவிகளும் வெளியிலும் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று உத்தரவானது. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிஸான் விஷயத்தில் தவறு நடந்ததை ஒப்புக்கொண்டது, அபராதத்தைக் குறைத்தது. மற்ற கம்பெனிகள் உயர் நீதிமன்றங்களுக்குப் போயின. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியபோது வாகனத் துறையும் பட்டியலில் இருந்தது.

கம்பெனிகள் பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. ரகசிய எண் எல்லோருக்கும் கிடைத்தால் திருடனுக்கும் கிடைக்கும். பழுதுபார்க்கும் உரிமைக்காக 2012-ல் முதலில் சட்டம் போட்ட அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலமே இம்மொபிலைசர் தகவலைத் தனியாக ஒதுக்கியது. பதிவு செய்து சரிபார்க்கப்பட்ட தொழில்காரர்களுக்கு மட்டும் அது போகும் என்று வைத்தார்கள். இதை நம் ஊர்ச் சாவிக்காரர்களுக்கும் செய்ய முடியாதா? போலீஸ் சரிபார்ப்பு, ஆர்.சி. புத்தகம் பார்த்துவிட்டுத்தான் வேலை, ஒரு பதிவேடு... முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

ரகசியமாக வைத்தால் பாதுகாப்பு என்பதும் பாதி உண்மைதான். 80 சாவியில் தொடங்கியவர்கள் 40 பிட் சிப்புக்கு வந்தார்கள். அதாவது ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் கோடிக்கும் மேற்பட்ட சாவிகள்! அதையும் 2005-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் உடைத்து, அதே வருடத்து ஃபோர்டு எஸ்கேப் காரைக் கிளப்பிக் காட்டினார்கள். 2008-ல் கீலாக்கும் விழுந்தது. 2011-ல் சூரிச் ஆராய்ச்சியாளர்கள் ரகசிய எண்ணைத் தொடவே இல்லை. பாக்கெட்டில் இருக்கும் ரிமோட்டின் அலையை அஞ்சல் ஓட்டம் போல வாங்கித் தூரத்தில் நிற்கும் காருக்குக் கொடுத்தார்கள். சோதித்த 10 மாடல்களும் திறந்துகொண்டன. 2013-ல் இன்னொரு சிப்பின் பலவீனத்தைக் கண்டுபிடித்தவர்களை வெளியிட விடாமல் ஃபோக்ஸ்வாகன் இங்கிலாந்து நீதிமன்றத்தில் தடை வாங்கியது. கட்டுரை 2015-ல்தான் வெளிவந்தது. ஓட்டை அதுவரை அப்படியே இருந்தது, கார் வைத்திருந்தவர்களுக்குத்தான் தெரியவில்லை.

இந்தச் சண்டையில் நடுவில் நிற்பவர் வண்டிக்காரர். வண்டி திருடு போய் இன்ஷூரன்ஸ் கேட்டுப் போனால், கம்பெனி முதலில் கேட்பது இரண்டு ஒரிஜினல் சாவிகளையும்தான். ஒன்று குறைந்தால் சந்தேகம் உரிமையாளர் மேலேயே திரும்பும். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டிரைவர் வழி விசாரிக்க இறங்கிய நேரத்தில் திருடு போன ஒரு வழக்கில், 2023-ல் உச்ச நீதிமன்றம் 75 சதவீத இழப்பீடு தரச் சொன்னது. முழுவதையும் மறுக்க முடியாது என்பது தீர்ப்பு, ஆனாலும் கால் பங்கு போனது போனதுதான்.

அதனால்தான் அனுபவம் உள்ள சாவிக்காரர்கள் ஒன்றை அழுத்திச் சொல்வார்கள்: ஒரு சாவி தொலைந்த அன்றே இரண்டாவதைச் செய்துவிட வேண்டும், கடைசிச் சாவியும் தொலையும்வரை காத்திருக்கக் கூடாது. வேலை செய்கிற சாவி கையில் இருந்தால் இன்னொன்றைச் சேர்ப்பது பெரும்பாலும் சுலபம், ஒன்றுமே இல்லையென்றால் செலவும் நாளும் பல மடங்கு. புதுக் காரோடு சில கம்பெனிகள் எண் பொறித்த ஒரு சின்னத் தகடு தருவார்கள், சாவியின் பல் அளவு அந்த எண்ணில் இருக்கிறது. நிறைய பேர் அதை என்னவென்று தெரியாமல் சாவிக்கொத்திலேயே மாட்டி வைத்திருக்கிறார்கள். கொத்து தொலையும்போது தகடும் சேர்ந்தே போகிறது.