அகத்தியமலையின் மேகமும் இரண்டு அலுவலகங்களும்

பாறசாலையிலிருந்து வடகிழக்கே நோக்கினால், ஆனி ஆடி மாதங்களில் அகத்தியமலை பெரும்பாலும் தென்படாது. மலை நிற்குமிடத்தில் மேகம் நிற்கும். எல்லைப்புறச் சிற்றூர்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் விளைவித்தவர்களும் திருவாதிரை ஞாற்றுவேலையை எதிர்நோக்கி நடவு செய்தவர்களும் அந்த மேகம் எவ்வளவு தாழ இறங்கியுள்ளது என்பதைப் பார்த்தே மழையைக் கணித்தனர். இவை கீழிருந்து பார்த்த கணிப்புகள். அதே மேகத்தின் உள்ளே கருவிகளை நிறுத்தி அளந்த ஒரு முயற்சியும் இம்மலைக்கு உண்டு. அதைக் காந்தவியல் வரலாற்றின் ஓர் இயலாக மட்டுமே நாம் படித்து வருகிறோம். அது குறையுடைய வாசிப்பு என்பது என் கருத்து.

சுவாதித் திருநாள் ஆட்சியில் 1837இல் திருவனந்தபுரம் வானாய்வகம் அமைந்தது. ஆலப்புழையில் வணிக முகவராக இருந்த ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். அவர் 1849இல் மறைந்தபின், 1852இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்து பொறுப்பேற்றவர் ஜான் ஆலன் பிரௌன். உத்திரம் திருநாள் அரசின் ஆதரவுடன் 1855இல் அகத்தியமலை உச்சியில் அவர் இரண்டாவது ஆய்வகம் ஒன்றை நிறுவினார். காந்தநடுக்கோட்டுக்கு அருகில், வெவ்வேறு உயரங்களில், புவிக்காந்த மாறுபாட்டை ஒப்பிடுவதே முதன்மை நோக்கம். ஆயினும் காற்றழுத்தமும் வெப்பமும் ஈரப்பதமும் அவருடைய அக்கறைக்குள் அடங்கியவையே. காணிக்காரர்கள் வாழும் காட்டின் ஊடே, ஏறத்தாழ 1868 மீட்டர் உயரமுள்ள மலைக்குக் கருவிகளைச் சுமந்து சென்றவர்களின் பெயர்களை நூலின் முகப்பில் தேடிப் பயனில்லை. 1874இல் லண்டனில் வெளியான அந்தப் பெருந்தொகுதியின் முகப்பில் மகாராஜாவின் பெயரும் பிரௌனின் பெயருமே உள்ளன.

பிரௌன் இங்கு வருமுன் ஸ்காட்லாந்தின் மேக்கர்ஸ்டன் ஆய்வகத்தில் பணியாற்றியவர். அங்கே தரைக்காற்றின் திசையோடு, தாழ்ந்த மேகங்களும் உயர்ந்த கீற்று மேகங்களும் எத்திசையிலிருந்து நகர்கின்றன என்பதையும் தனித்தனியே பதிவு செய்தார். லூக் ஹோவார்டு 1803இல் கீற்று, திரள், படை என்று மேகங்களுக்குப் பெயரிட்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. பலூனும் ரேடாரும் கைவராத காலத்தில் மேலடுக்குக் காற்றை அறிய மேகத்தின் நகர்வே வழி.

ஆனால் மலைமேகம் இந்த முறையை ஏமாற்றும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சரிவில் ஏறும்போது விரிந்து குளிர்கிறது. குறிப்பிட்ட உயரத்தில் நீராவி துளிகளாகிறது. உச்சியைக் கடந்து இறங்கும் காற்று வெப்பமடைய, துளிகள் மறைகின்றன. காற்று ஓடிக்கொண்டே இருக்க, மேகம் மட்டும் அசையாது நிற்பதுபோல் தோன்றும். அதன் அடித்தளத்தைத் தோராயமாகக் கணிக்கலாம்: தரையின் வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டை 125ஆல் பெருக்கினால் மீட்டரில் உயரம் கிடைக்கும். சமவெளியில் 30 பாகையும் பனிப்புள்ளி 24ம் எனில் 750 மீட்டர். அத்தகைய நாளில் அகத்தியமலையின் மேற்பாதி முழுவதும் மேகத்துள் அடங்கும். அங்கே உலர்குமிழும் ஈரக்குமிழும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டும். மேலும் கீழும் ஒரே வேளையில் எடுத்த அளவுகளை ஒப்பிட்டால்தான் காற்று எங்கே ஈரத்தை இழக்கிறது என்று தெரியும். பிரௌன் அமைத்த இணை ஆய்வகங்களின் வானிலையியல் மதிப்பு இதில் இருக்கிறது.

இன்று வானத்தை எட்டுப் பங்காக்கி எத்தனை பங்கு மூடியுள்ளது என்று கண்ணால் குறிக்கும் வழக்கம் தொடர்கிறது. உடன் இன்சாட் படங்களும் தும்பாவின் டாப்ளர் ரேடாரும் உள்ளன. சிக்கல் அளவுகோலில். பூவாறு கடற்கரையிலிருந்து அகத்தியமலை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். 12 கிலோமீட்டர் கட்டங்களில் கணிக்கும் மாதிரிக்குக் கடலும் வயலும் மலையும் மூன்று நான்கு கட்டங்களில் முடிந்துவிடும். ஐப்பசிப் பிற்பகலில் எழும் இடிமேகமோ அக்கட்டத்தைவிடச் சிறியதாகவும் இருக்கலாம். 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்னறிவிப்பு முறை கட்டத்தை 6 கிலோமீட்டராகக் குறைத்தது.

கருவி நுண்மையாகிவிட்டது, நிர்வாகக் கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குச் சென்றது. நெய்யாற்றங்கரை, தன் தமிழ்ப்பேசும் ஊர்களோடு, கேரளத்தில் நின்றது. இன்று ஒரே மலையில் பிறக்கும் மேகத்துக்கு இரண்டு அறிக்கைகள்: களியக்காவிளைக்குச் சென்னையிலிருந்து, பாறசாலைக்குத் திருவனந்தபுரத்திலிருந்து. நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாய் நீர் 2004இல் நின்றுபோன கதையைப் பலரும் எழுதியுள்ளனர். அறிவிப்புகளின் எல்லை குறித்து எழுதியவர் குறைவு.

2017 நவம்பர் 29இல் தாழ்வு மண்டலமாக உருவான ஓகி, மறுநாள் காலையே குமரிக் கடலில் புயலாயிற்று. ஆழ்கடலுக்குச் சென்றவர்கள் அதற்குப் பல நாள் முன்பே கரையை விட்டிருந்தனர். எச்சரிக்கை எப்போது வந்தது, யாரிடம் வந்தது என்ற சர்ச்சை பின்னர் எழுந்தது. 2018இல் திருவனந்தபுரத்தில் புயல் எச்சரிக்கை மையம் அமைக்கப்பட்டது. அதன் பொறுப்பில் கேரளமும் கர்நாடகமும் இலட்சத்தீவும் உள்ளன. குமரிக் கரை சென்னையின் பொறுப்பிலேயே தொடர்கிறது. பொழியூரும் நீரோடியும் அடுத்தடுத்த கடற்கரை ஊர்கள். இரண்டின் படகுகளும் செல்லும் கடல் ஒன்றே.